கோர்ஃபக்கான் பாறையில் எட்டாவது ரப்பர் புழு

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மணி ஒன்றே முக்கால். மூன்று வயது மகன் பக்கத்தில் தூங்குகிறான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஞாயிறு மட்டும்தான் என் கணவருக்கு சைட் லீவு. ‘கடலுக்குப் போகலாம்’ என்றார். எனக்குத் துணி துவைக்கும் வேலை இருந்தது, சொன்னால் கேட்டால்தானே! ஷார்ஜாவில் நாங்கள் இருக்கும் ரோலாவிலிருந்து கோர்ஃபக்கான் கடற்கரை சுமார் நூறு கிலோமீட்டர். காலை ஐந்து பத்துக்குக் கிளம்பி, மலையைக் குடைந்த சுரங்கப் பாதைகள் வழியாக ஆறரைக்குள் சேர்ந்துவிட்டோம்.

ஆறு மாதமாக இவர் அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துக் கெட்டுப்போயிருக்கிறார். ‘ஃபினெஸ்’ என்று பெயராம். மெலிந்த கழி, மெலிந்த நூல், இரண்டு கிராம் ஈயக் குண்டு வைத்த ஜிக் ஹெட் முள், அதில் ஒரு ரப்பர் புழு. அடித்தரையில் அதை லேசாக நடுங்கவிட்டு இழுக்க வேண்டும். இங்கே பாஸ் ஏது என்று கேட்டேன். இந்த ஊர்க் களவா மீன், ஹமூர் இருக்கிறதே என்றார்.

பக்கத்துப் பாறையில் இறால் கோத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் கீழக்கரைக்காரர், ஷார்ஜாவில் கடை வைத்திருக்கிறார். அவர் வாளியில் அதற்குள் நான்கு மீன்.

“என்ன தம்பி, ரெண்டு மணி நேரமா புழுவுக்கு நீச்சல் பழக்குறீங்களா?”

“இது மெதுவாத்தான் செய்யணும் பாய்.”

“மீனும் மெதுவாத்தான் வரும்போல. இந்தாங்க, ரெண்டு இறால் எடுத்துக்குங்க.”

இவர் வாங்கவில்லை. கௌரவம்!

நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கத் திரும்பினேன், அரை நிமிடம். “மம்மி, திஸ் ஜெல்லி இஸ் யக்கி!” என்று குரல். மகனின் உதடெல்லாம் எண்ணெய், சோம்பு வாசனை. மீனை இழுக்கப் புழுக்களில் தடவியிருக்கும் சோம்பு எண்ணெய் பாக்கெட்டில் கசிகிறது என்று, இவர் அவற்றை அவனுடைய காலி ஜெல்லி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“எத்தனை இருந்துச்சு?”

“எட்டு.”

டப்பாவில் ஐந்து. தூண்டிலில் ஒன்று.

“மீதி ரெண்டு?”

“ஒண்ணு பாறையில மாட்டி அறுந்துச்சு, நல்லா ஞாபகம் இருக்கு. இன்னொண்ணு... அதுவும் அறுந்துச்சா, இல்ல...”

முள்ளின் எடையை கிராம் சுத்தமாகச் சொல்கிற மனிதர்!

“அப்புறம் யோசிங்க தம்பி. தங்கச்சி, பிள்ளையைத் தூக்கும்மா, யல்லா!” என்று பாய் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் பிக்கப் முன்னால் வழிகாட்ட, பன்னிரண்டு நிமிடத்தில் கிளினிக். கட்டணம் 150 திர்ஹம், எக்ஸ்ரே தனி.

எக்ஸ்ரேயில் முள்ளோ வேறு உலோகமோ எதுவும் இல்லை. அந்த வரைக்கும் நிம்மதி. ஆனால் ரப்பர் அதில் தெரியாதாம். மூன்று நாள் மலத்தைக் கவனியுங்கள், வாந்தி, வயிற்று வலி வந்தால் எந்த நேரமானாலும் கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர்.

குழந்தையோடு அங்கே போகிறவர்களுக்கு: ஆறு மணிக்கு முன் சேருங்கள், ஒன்பதுக்கு மேல் வெயிலில் பாறையில் நிற்க முடியாது. மீன்பிடி அனுமதியை முன்பே வாங்குங்கள். ரப்பர் புழுக்களை வாங்கிய பாக்கெட்டிலேயே, பூட்டுகிற பெட்டியில் வையுங்கள். தின்பண்ட டப்பாவில் வேண்டவே வேண்டாம்.

இரவு அரை தோசை சாப்பிட்டான், சிரித்தான். இவர் ஹாலில் தூண்டில் பெட்டியை மூன்றாவது முறையாகக் கொட்டி எண்ணுகிறார். “அதுவும் பாறையிலதான் போயிருக்கும்” என்கிறார். ‘போயிருக்கும்’ எனக்குப் போதவில்லை.

உங்கள் வீட்டில் எந்தக் குழந்தையாவது இந்தப் புழுவை விழுங்கியிருக்கிறதா? எத்தனை நாளில் வெளியே வந்தது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.