தலைமையாசிரியையின் நாற்காலியில் இட்லிக்கடைக்காரம்மா

எனக்குத் தேதி முக்கியம். தெருக்குழாய் உடைந்ததைக்கூடக் கிழமையோடு சொல்வேன். எதிர்வீட்டு இட்லிக்கடைக்காரம்மாவுக்கு அந்த வியாதி கிடையாது. ஆடி மாதக் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"செவ்வாக்கெளம ஸ்கூலுக்கு வரச் சொல்லிக்கிறாங்கண்ணே. பொண்ணுக்கு டிசி குடுத்துருவாங்களாம்."

பெண் ஏழாம் வகுப்பு. வகுப்பில் இரைச்சல் ஏறினால் மூச்சு முட்டும், உள்ளங்கை நனையும், எழுந்து வெளியே ஓடிவிடுவாள். பதற்ற நோய் என்றார் செங்கல்பட்டு மனநல டாக்டர். அந்த நேரத்தில் சற்று வெளியே உட்கார்ந்துவிட்டு வர விட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பள்ளியில் அதற்குப் பெயர் திமிர்.

"டாக்டர் சொன்னத அங்க சொன்னீங்களாம்மா?"

"எங்கண்ணே? அவங்களப் பாத்தாலே 'சரிங்க டீச்சர்' தவிர வாயில ஒண்ணும் வர்ல. டிசி தரேன்னாங்க, அதுக்கும் சரிங்க டீச்சர்னுட்டு வந்துட்டேன்."

தக்காளி அழுகியிருந்தால் காய்கறிக்காரரை அடுத்த தெருவரை விரட்டிப் பேசுகிறவர் இவர்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தோம். என் மனைவிதான் தலைமையாசிரியை. எங்கள் மேசைக்கு இரண்டே நாற்காலிகள், ஒன்றுக்குக் கால் ஆடும். வீட்டுக்கு வந்தவரை அதில் உட்கார வைப்பதா? சுவரோரம், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நல்ல நாற்காலியை அவருக்குக் கொடுத்தோம்.

"டீச்சர் எதிர்ல எப்டிண்ணே குந்தறது?"

"நின்னா சரிங்கதான் வரும். போனதும் உக்காந்துடணும்."

"இன்னாம்மா, உன் பொண்ணு மட்டும் ராணியா?" என்று என் மனைவி மேசையைத் தட்டிய வேகத்தில் எனக்கே கைகட்டத் தோன்றியது.

"அண்ணி, நெஜமாவே திட்டறீங்களா?"

பேச்சுக்கு வலுச் சேர்க்கத் தேதி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கடைசியாக எப்போது ஓடினாள்?

"சாம்பார் தீஞ்சி போச்சே, அன்னிக்கி."

விட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் அவர் தானாக மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்காரப் பழகிவிட்டார்.

செவ்வாயன்று நானும் துணைக்குப் போனேன். அறையில் யாரும் இல்லை. உள்ளே இருக்கச் சொன்னார்கள். வாசல் சுவரில் பழைய தலைமையாசிரியர்களின் ஆண்டுகள் எழுதிய பலகை. அதைக் கடந்து போக என்னால் முடியுமா? படித்துவிட்டுத் திரும்பினால், அம்மா மேசையைச் சுற்றிப் போய், துண்டு போர்த்திய நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வாசலில் தலைமையாசிரியை.

எழுந்திருங்கள் என்று கையை உயர்த்திக் காட்டினேன். ஆரம்பிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

"குந்துங்க டீச்சர்," என்றார். "எம் பொண்ணு திமிர் புடிச்சி ஓடல. மூச்சு முட்டிக்கினு ஓடுது. டாக்டர் சொல்லிக்கிறாரு, அந்த நேரம் தடுக்கக் கூடாதுன்னு. வேப்பமரத்தாண்ட செத்த நேரம் குந்திக்கினு இருந்தா தானா வந்துரும். டிசி வாணாம் டீச்சர்."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கேக்காம எப்படிம்மா கிளாஸை விட்டுப் போறது?"

"மூச்சு முட்றப்ப எப்டி டீச்சர் கேக்கறது? தண்ணி பாட்டில கிளாஸ் டீச்சர் மேச மேல வெச்சிட்டுப் போவட்டும். பாட்டில் இருந்தா பொண்ணு மரத்தாண்ட கீதுன்னு அர்த்தம்."

இது எங்கள் ஒத்திகையில் இல்லாதது.

தலைமையாசிரியை கொஞ்சம் யோசித்தார். "டாக்டர் சீட்டுல ஒரு நகல் குடுங்க. காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்க்கலாம். டிசி இப்ப இல்ல." பிறகு மெதுவாக, "என் நாற்காலிய இப்ப குடுக்கறீங்களா?"

அம்மா குனிந்து பார்த்தார். பின்னால் இருந்த துண்டைப் பார்த்தார். துள்ளி எழுந்தார்.

"சரிங்க டீச்சர்!"

வியாழக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்தே கத்தினார். "அண்ணே! இன்னிக்கி பாட்டில வெச்சிட்டுப் போயிட்டு, தானா வந்து குந்திக்கிச்சாம்! யாரும் ஒண்ணும் சொல்லலியாம்!"

"எத்தனாவது பீரியட்டும்மா?"

"அத யாருண்ணே பாத்தாங்க? வந்துச்சி இல்ல?"