அத்தானுக்குப் போட்ட மார்க்

அக்காவின் கணவர் முப்பத்தொரு வருடமாக டாக்சி ஓட்டுகிறார். அதே டாக்சி கம்பெனி ஆபீசில்தான் நான் டைப் அடிக்கிறேன். அதனால் அக்காவுக்குத் தெரியாத சங்கதியும் என் காதுக்கு வந்துவிடும்.

இடது முட்டி தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோது, கிளட்சே இல்லாத ஹைபிரிட் காரை அத்தானிடம் கொடுத்தார்கள். பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கும் வண்டி. சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அடங்கிவிடும். இன்ஜின் அணைந்தேபோய்விட்டது என்று நினைத்து மனிதர் ஸ்டார்ட் பட்டனை அமுக்கி, உண்மையிலேயே நிறுத்திவைப்பார். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும்.

"சத்தமே இல்லாம ஓடுறது ஒரு வண்டியா? உங்க அக்கா பேசாம இருந்தா வர்ற பயம்தான் வருது" என்பார்.

ஒருவழியாகப் பழகினார். அது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. டேஷ்போர்டில் கூடுதலாக ஒரு திரையை மாட்டினார். இழுப்பது பேட்டரியா இன்ஜினா என்று அதில் அம்புக்குறி ஓடும். பதமாக ஓட்டினால் பச்சை இலைகள் வரும். அழுத்தி மிதித்தாலோ சட்டென்று பிரேக் போட்டாலோ இலை போய்விடும். சாயங்காலம் நூற்றுக்கு இத்தனை என்று மார்க். ஒரு மாதம் அத்தான் வண்டியில் பார்த்துவிட்டு, பயன் இருந்தால் நாற்பது கார்களிலும் மாட்டுவார்களாம். மார்க் நாற்பதுக்குக் கீழே போனால் மேனேஜரிடம் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சரியில்லை என்றால் பழைய வேன்தான். வேனில் கிளட்ச் உண்டு. அதாவது, அத்தான் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

முதல் நாள் அறுபத்திரண்டு வாங்கினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி என்னிடம் வந்து, "இது பாஸா?" என்று கேட்டார்.

பெட்ரோல் செலவு குறைந்தது நிஜம். திரையால்தான் என்றார் முதலாளி. வண்டி கைக்குப் பழகியதால் என்றார் மெக்கானிக். அத்தான் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். எனக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை மார்க் முப்பத்தாறு. அத்தான் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"பள்ளிக்கூடத் தெருவுல ஒரு இலை போயிடுச்சு. எதனால போச்சுன்னு திரையைப் பாத்தேன். நிமிர்ந்தா முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு. வண்டி வந்த சத்தம் அதுக்கும் கேக்கல. மிதிச்சேன். ஒரு சாண்தான் இடைவெளி. அது பாட்டுக்குப் பையை மாட்டிக்கிட்டுப் போயிடுச்சு. இங்க மிச்ச இலையும் போச்சு."

அந்தச் சின்னப் பெண் என் கண் முன்னால் வந்து நின்றாள். ஆனால் வேனும் கண் முன்னால் வந்து நின்றது.

"குழந்தை குறுக்க வந்துச்சு, பிரேக் போட்டேன்னு மட்டும் சொல்லுங்க அத்தான். அது பொய் இல்லையே."

"பொய் இல்ல. ஆனா முழுசும் இல்லையேம்மா."

"வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க. அக்காவை நினைச்சுப் பாருங்க."

மேனேஜர் அறையில் நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். திரை பற்றிய அறிக்கையை டைப் அடிக்க நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் எழுந்து வந்து கைகொடுத்தார்.

"திரை இருந்ததாலதான் இவ்வளவு ஜாக்கிரதையா ஓட்டியிருக்கீங்க. எழுதிக்கம்மா, திரையால பயன் உண்டு. நாப்பது வண்டியிலயும் மாட்டிடலாம்."

நான் டைப் அடிக்க ஆரம்பித்தேன். நிம்மதியாக இருந்தது.

"நாப்பது வண்டியிலயுமா சார்?" என்றார் அத்தான்.

"ஆமா."

"அப்ப நாப்பது பேரும் இலையைப் பாப்பாங்க சார். அந்தப் பொண்ணு வந்தப்ப நான் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அட பாவி மனுஷா என்று மனசுக்குள் திட்டினேன். மேனேஜர் கையை இழுத்துக்கொண்டார்.

"அப்ப பயன் இல்லேங்கறீங்களா?"

"பெட்ரோல் மிச்சமாச்சே சார், அதுவும் நெசம். எனக்கு ஒண்ணும் புரியல."

"இதை எழுதினா உங்களுக்கு வேன்தான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

கார் சாவியை மேஜைமேல் வைத்தார். என் விரல்கள் நகரவில்லை. அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"அதை அழிச்சிட்டு நடந்ததை எழுதும்மா. அந்தப் பொண்ணுக்கு வயசு கேட்டா, ஏழு இருக்கும்னு போடு."