முதலில் செத்தது இறால்

மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. மகள் கல்யாணமாகிக் கலேவெலவுக்குப் போகும்போது என் மனைவிக்கு வாங்கிக் கொடுத்தது. அவள்தான் மண் போட்டு, நீர்ச்செடிகள் நட்டு, சிவப்புக் குட்டி இறால்களையும் சின்ன மீன்களையும் விட்டு வளர்த்தாள். எனக்கு அதில் ஒரே ஒரு வேலை: வற்றிய அளவுக்குக் காலையில் தண்ணீர் ஊற்றுவது.

ஒரு புதன்கிழமை காலை இறால்கள் எல்லாம் மண்ணில் சரிந்து கிடந்தன. வெள்ளிக்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பின்னேரத்துக்குள் பாதி செத்துவிட்டன. செடிகள் மட்டும் பச்சையாகவே நின்றன.

நான் முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவன். சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தேன், அமோனியா இல்லை. செடிகளுக்கு விடும் கரியமில வாயுவை நிறுத்தினேன். தண்ணீரை மாற்றினேன். மாற்ற மாற்ற இன்னும் செத்தன. காரணம் அகப்படாதபோது ஆளைத் தேடினேன். வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான்.

"உன்ட சாம்பிராணிப் புகைதான். மூடியில்லாத தண்ணி, வீடு முழுக்கப் புகை. பின்ன எப்படி இருக்கும்?"

"கல்யாணம் கட்டி வந்த நாளா போடுறேன். நீங்க உயிரோடதானே இருக்கீங்க?"

"நான் தண்ணிக்குள்ள இல்ல. படிக்காத வேலை செய்யாத."

சிரிக்கப் போனவள் 'படிக்காத' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். அவள் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். நாற்பது வருடத்தில் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றோடு சாம்பிராணி நின்றது. வாயில்லாச் சீவன்களைக் கொன்ற பாவம் தீர, வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்கும்வரை சாப்பிடுவதில்லை என்று மாரியம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் மாத்தளை டவுனில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னிடம் படித்தவர்.

"சேர், முதல்ல செத்தது மீனா, இறாலா?"

"இறால்."

"அப்ப செம்புதான் சேர், அது இறாலைத்தான் முதல்ல கொல்லும். மருந்து ஏதும் ஊத்தினீங்களா? இல்லாட்டி தண்ணி செம்புப் பாத்திரத்துல வச்சா ஊத்துறீங்க?"

செப்புக் குடத்தில்தான் என்றேன். அவர் சிரித்தார். "உங்க பாடத்துல பெயில் விட்டவன்ட்ட வந்து கேக்குறீங்களே சேர்."

செப்புக் குடத்துத் தண்ணீர் மூட்டுவலிக்கு நல்லது என்று ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, அந்த மாதம்தான் நான் ஒரு குடம் வாங்கியிருந்தேன். பின்னேரம் கொறக்காப்புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவேன். அவசரமாக ஒருமுறை அலசிவிட்டுக் குழாய்த் தண்ணீர் பிடித்து வைப்பேன். காலையில் நீரிழிவு மாத்திரையோடு இரண்டு டம்ளர் குடிப்பேன். குளோரின் போன தண்ணீர்தானே என்று மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றுவேன். நான் மாற்றிய தண்ணீரும் அந்தக் குடத்துத் தண்ணீர்தான். புளிப்பு செம்பைக் கரைக்கும் என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன். புதிதாக என்ன மாறியது என்று முதலில் கேள் என்றும் சொல்லியிருப்பேன்.

அதுவரை அறியாமல் செய்த பிழை. பிறகு செய்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது. வீட்டுக்கு வந்து குடத்தைப் பழைய சாமான்களோடு வைத்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் போனது. வெள்ளிக்கிழமைகளில் அவள் பால் விடாத பிளேன்டீயை மட்டும் குடித்துவிட்டு எனக்குச் சோறாக்கிப் போட்டாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒருநாள் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தலை சுத்துதா?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றாள். அப்போதும் சொல்லவில்லை.

ஒன்பதாம் வாரம், எஞ்சியிருந்த நான்கு மீன்களையும் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். "என் கையில இருந்தா இதுகளும் செத்துப்போகும்" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குடம், புளி, கடைக்காரர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கேட்டாள். "கடைக்காரர் எப்ப சொன்னாரு?"

"நீ நேர்ந்துக்கிட்ட அடுத்த வாரம்."

"அப்ப நான் பட்டினி கெடக்குறத பாத்துக்கிட்டே சாப்பிட்டிருக்கீங்க."

ஆமாம் என்றேன். மீன்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குச் சோறு வேண்டாம், இனி அந்த விரதம் என்னுடையது என்றேன். அவள் வழக்கம்போல் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"சீனி வருத்தத்துக்கு மருந்து போட்டுட்டு பட்டினி கெடக்க ஏலாது. சாப்பிடுங்க."

தனக்கும் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.