இல்லை என்று சொன்ன ஊற்று

பலராமனுக்கு யாரையும் நம்பத் தெரியாது. திருவண்ணாமலை சர்வே ஆபீஸில் பதினெட்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் குமாஸ்தா, அவர் நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிறவர். நான் டீ வாங்கிக் கொடுத்தால்கூட, "என்னா விசேஷம்?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கிளாஸைத் தொடுவார்.

அதற்குக் காரணமும் இருந்தது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது, ரோடு போட வந்த அதிகாரி ஒருவர் அவருடைய அப்பாவிடம், "கெணறு எங்க இருக்குதுன்னு காட்டு, அத உட்டுட்டு அளக்கறோம்" என்றாராம். அப்பா காட்டினார். ரோடு கிணற்றின் மேலேயே போனது.

1979இல் பலராமன் ரிட்டயர் ஆன கையோடு ஆண்டர்சன் என்ற வெள்ளைக்காரர் தேடி வந்தார். ரமணாசிரமம் பக்கம் ஏழெட்டு வருஷமாக வாடகை அறையில் இருந்தவர், தமிழ் பேசுவார். சொந்த ஊரில் கோல்ஃப் மைதானங்களை வடிவமைத்தவராம். மரக்காணம் பக்கம் மெட்ராஸ் முதலாளி ஒருவர் வாங்கிய இருபது ஏக்கர் மணல்மேட்டில், ஒன்பது குழி வைத்து ஒரு சின்ன மைதானம் போட வேண்டும், அளக்க ஆள் வேண்டும் என்றார்.

அந்த மேட்டை ஒட்டிய உப்பளத்து ஊரில்தான் பலராமனுடைய மனைவியின் தங்கை தனம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஊருக்கே குடிதண்ணீர் மணல் பள்ளத்தில் தோண்டிய ஒரு ஊற்றுதான். "வெளையாட்டுக்கு எதுக்குய்யா இருபது ஏக்கரு? கண்டிப்பா தண்ணி மேலதான் கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அளக்கப் போனார் என்பதைவிட, காவல் காக்கப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனதும், வேண்டிய தண்ணீரை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நாள் யாரும் இங்கே வரக் கூடாது என்று தனத்திடம் சொல்லி, ஊற்றை மணல் தள்ளி மூடினார். மேலே தாழை மட்டைகளை இழுத்துப் போட்டார்.

ஆண்டர்சனுக்கோ ஒரே குஷி. ஒரு மேட்டையும் வெட்டக் கூடாது, காற்று குவித்தபடியே இருக்கட்டும் என்றார். கிழவர்களும் பிள்ளைகளும் ஒரு மணி நேரத்தில் சிரித்து ஆடி முடிக்க வேண்டுமாம். குழியைப் பள்ளத்தில் வைத்தால் தப்பாக அடித்த பந்தும் சரிவில் உருண்டு வந்து சேருமாம். உருட்டிக் காட்டிக் கைதட்டினார். பலராமன் அவர் கண் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஊற்றுப் பள்ளத்துக்கு வந்தார்கள். ஆண்டர்சன் மணலை அள்ளிப் பார்த்தார். ஈரம்.

"இங்கே ஜனங்க தண்ணி எடுக்கிறாங்களா? சொல்லுங்க பலராமன். இந்த இடத்தை விட்டுடறேன்."

பலராமனின் அப்பாவிடம் அந்த அதிகாரி கேட்ட அதே கேள்வி.

"அதெல்லாம் இல்லீங்க. பாம்பு ஜாஸ்தி. அந்தாண்ட போலாம்."

ஆண்டர்சன் பிளான் ஓரத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதி, அளந்தவர் என்ற முறையில் கையெழுத்துக் கேட்டார்.

"என்னா எழுதியிருக்கீங்க?"

"நீங்க சொன்னதைத்தான்."

கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பிய பலராமன் நடந்ததையெல்லாம் என்னிடம் சொல்லி, "வெள்ளைக்காரனுக்கே அல்வா குடுத்துட்டேன்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன், வெட்கக்கேடு.

அடுத்த வருஷம் ஆண்டர்சன் தன் நாட்டுக்குப் போய்விட்டார். முதலாளி ஊற்றையும் உள்ளே அடைத்து மேட்டைச் சுற்றி முள்கம்பி போட்டார். தனமும் மற்றப் பெண்களும் இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமந்தார்கள். ஊற்றுக்கு வழி விடச் சொல்லி ஊரார் மனு கொடுத்தார்கள். சர்வே தெரிந்த மாமா பேசினால் நடக்கும் என்று தனம் விசாரணைக்குப் பலராமனைக் கூட்டிப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

அதிகாரி பிளானை விரித்து, ஓரத்தில் இருந்ததைத் தமிழில் படித்தார்: "பள்ளத்தில் ஈரம். ஊற்று இருந்தால் இடமும் வழியும் ஊராருக்கு விட வேண்டும். அளந்தவரைக் கேட்டேன். இல்லை என்கிறார்."

கீழே பலராமனின் கையெழுத்து.

பலராமன் எழுந்தார். "நான் பொய் சொல்லிட்டேங்க."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எப்போ? அன்னிக்கா, இன்னிக்கா?"

மனு தள்ளுபடி ஆனது. தனம் திட்டவில்லை, அழவும் இல்லை. பஸ் ஸ்டாண்டு வரை எங்களோடுதான் நடந்து வந்தாள். ஆனால் அவரை ஒரு தடவைகூட மாமா என்று கூப்பிடவில்லை.