சுகிர்தபாயின் பிடியரிசி

சுகிர்தபாய் எதையும் ஒரு தடவை செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிற ஆள் இல்லை. கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பாறசாலையில் பஸ் ஏறியவள், அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கித் திரும்பியிருக்கிறாள். நான் அவளுக்கு அக்காள் முறை. கூட இறங்கி நடந்த ஆத்திரம் எனக்கு இன்னும் உண்டு. இப்படிப்பட்டவளின் புருஷன் வேதமணிக்குக் குவைத்தில் டிரைவர் வேலை.

எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம். சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று தனிக் கலயத்தில் போட வேண்டும். சனிக்கிழமை, சபை ஊழியம் செய்யும் ரத்னபாய் வீடு வீடாக வந்து வாங்கிப் போவாள். நன்றிக்காகப் போடுவது, வேறொன்றுமில்லை.

1990 ஆகஸ்ட் இரண்டாம் தேதி சுகிர்தபாய் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். சோறு பொங்கவில்லை, அதனால் பிடியும் போடவில்லை. அன்று சாயங்காலம் ரேடியோவில், ஈராக் பட்டாளம் குவைத்துக்குள் புகுந்துவிட்டது என்று செய்தி வந்தது.

"நான் பிடி போடாத அன்னைக்காக்கும் இது நடந்திருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று எவ்வளவோ சொன்னேன். நீ கிழங்கு தின்றதற்காக ஒரு தேசத்தையே பிடிக்க விடுவாரா கடவுள் என்று கோபமாகவும் கேட்டேன். அவள் காதில் ஏறவில்லை.

மறுநாள் முதல் அந்த வீட்டில் கிழங்கு கிடையாது. வேளைக்கு மூன்று பிடி. கை தளர்ந்து நாலு அரிசிமணி சிந்தினால் மறுபடியும் முதலிலிருந்து. மகள் ஜோஸ்னா அரைவயிற்றுக் கஞ்சியோடு ஸ்கூலுக்குப் போனாள். கடிதம் இல்லை, போன் இல்லை. வேதமணி உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது.

அடுத்த வீட்டு லில்லிக்குட்டிக்கும் இதே கதிதான். அவள் புருஷன் பயஸும் வேதமணியும் குவைத்தில் ஒரே அறை. பொழியூர்க் கடற்கரையில் பிறந்த அவள், செவ்வாய்தோறும் அந்தோணியார் கோயில் நொவேனா ஜெபத்துக்கு நடந்தே போய் வந்தாள். ஒரு வாரமும் தவறவில்லை.

செப்டம்பரில் சுகிர்தபாய்க்குக் காய்ச்சல். எட்டாம் தேதி சனிக்கிழமை படுத்தவள் திங்கள்கிழமை வரை எழுந்திருக்கவில்லை. ரத்னபாய் கஞ்சி கொண்டுவந்தாள்.

"பிடி போடல்லியே, அவருக்கு வல்ல ஆபத்தும் வந்திருமே" என்று காய்ச்சலிலும் புலம்பல்.

"சும்ம கெட மக்கா. கர்த்தரு ஒனக்க கலயத்தப் பாத்துகிட்டா இருக்காரு?" என்றாள் ரத்னபாய்.

மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், வேதமணி தாடியும் ஒற்றைப் பையுமாக வந்து நின்றார். அழுது ஓய்ந்த பிறகுதான் பயஸைப் பற்றிக் கேட்டோம்.

"ஒம்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒரு லாறி வந்துது. ஒரு ஆளுக்குத்தான் எடம் உண்டு. பயஸ் ஏறினான். நான் மறுநாளு வேற வண்டியில ஜோர்டானுக்கு, அம்மான் டவுனுக்கு வந்தேன். அந்த லாறி அங்க வந்து சேரல்ல. நான் கேக்காத ஆளு இல்ல."

சுகிர்தபாய் விரல்விட்டு எண்ணினாள். ஒன்பதும் பத்தும் அவள் காய்ச்சலில் கிடந்த நாட்கள். ஒரு பிடிகூடப் போடாத நாட்கள். அப்போதுதான் அவர் தப்பியிருக்கிறார். சந்தோஷப்பட வேண்டியவள் திருதிருவென்று விழித்தாள். அப்படியானால் இத்தனை நாள் போட்டதெல்லாம் எதற்கு? நொவேனா தவறாத லில்லிக்குட்டிக்கு ஏன் இப்படி?

ரத்னபாய்க்கு மட்டும் குழப்பமே இல்லை. எல்லாம் பிடியரிசியின் பலன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இரண்டாம் நாள் லில்லிக்குட்டி ஒரு சொளவு நிறைய அரிசியோடு சுகிர்தபாயிடம் வந்தாள்.

"அக்கா, வேளைக்கு எத்தற பிடி போடணும்? எங்க அந்தோணியார் பள்ளியில இது இல்ல. ஆனாலும் நான் போடுதேன்."

மூன்று என்று சொல்லியிருந்தால் லில்லிக்குட்டி அன்றைக்குக் கொஞ்சம் தேறியிருப்பாள். சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லிவிட்டால்தான் என்ன என்றும் இருந்தது.

"அவரு தப்பின நாளு நான் ஒண்ணும் போடல்ல மக்கா" என்றாள் சுகிர்தபாய். "காய்ச்சலில கெடந்தேன்."

"பின்ன நான் என்ன செய்யட்டு?"

"தெரியல்ல."

லில்லிக்குட்டியின் கையைப் பிடித்துத் தரையில் உட்கார்த்தி, தானும் உட்கார்ந்து கண்ணை மூடினாள். ஜெபத்தில் கடவுளுக்கே நாளும் நேரமும் குறித்துக் கொடுக்கிறவள் அவள்.

"ஆண்டவரே, எங்களுக்கு ஒண்ணும் மனசிலாவல்ல. பயஸ் எங்க இருக்காருன்னு ஒமக்குத்தான் தெரியும்."

அவ்வளவுதான், ஆமென் என்று முடித்துவிட்டாள். லில்லிக்குட்டி அழுதுகொண்டே சிலுவை போட்டாள். எங்கள் சபையில் அந்த வழக்கம் கிடையாது. சுகிர்தபாயும் தப்பும் தவறுமாக ஒன்று போட்டாள்.