பக்கத்து மிஷினில் ஒரு ஊர்

தோல் பதனிடும் ஷெட்டுகள் நிறைந்த எங்கள் ஆம்பூரில் பிரௌசிங் சென்டர்கள் புதிதாக வந்திருந்தன. துபாயில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். எனக்கு எழுத்து தெரியாது. அங்கிருந்த பெண்தான் எல்லாம் தட்டித் தருவாள். நல்ல பெண், மூக்குத்தி மட்டும் கொஞ்சம் பெரிசு. மகன் திரையில் வரும்வரை எனக்கு வேடிக்கைதான்.

பக்கத்து மிஷினில் எப்போதும் ஒருவர் இருப்பார். நாற்பது வயது, நகக்கண்ணெல்லாம் கரி. யாராவது பின்னால் வந்தால் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். மனிதர் ஊர் கட்டி விளையாடிக்கொண்டிருந்தார். ஆறு, வயல், வீடுகள் என்று கண்ணுக்கு அத்தனை அழகு.

"இன்னா தம்பி, தோல் ஷெட்டு ஒண்ணுகூட இல்லாம ஒரு ஊரா?"

"போட்டா புகை ஜாஸ்தியாய்டும் ஆயா. சூடு ஏறி மழை நின்னுடும். போன வாட்டி வயலெல்லாம் காஞ்சி ஜனங்க ஓடிட்டாங்க. இந்த வாட்டியாவது காப்பாத்தணும்."

"அது சரி, நீ எங்க வேல செய்ற?"

அவர் குரல் இறங்கிவிட்டது. "தோல் ஷெட்டுலதான். பாய்லருக்கு விறகு தள்றது நான்தான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அங்க மழைய நிறுத்திட்டு இங்க வந்து பெய்ய வைக்கிறியா?"

அவர் சிரிக்கவில்லை. காதுமடல் சிவந்துவிட்டது.

"இங்க மட்டுந்தான் ஆயா, நான் சொன்னா கேக்குது."

சிரித்த வாயை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் என் பக்கம் திரும்பாமல், ஆற்றங்கரையில் இன்னொரு மரம் நட்டார்.