கோமதியின் நூறு டாலர்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியிலிருந்து பாண்டி பஜாருக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் கேட்டு, நூற்றிருபதுக்கு இறங்கி வந்தார். பாலித் தீவுப் பயணத்தை விமான நிலையத்திலிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும் என்கிறாள் என் மகள் உமா. என்னைப் பொறுத்தவரை அது அந்த ஆட்டோவில்தான் தொடங்கியது. என் சட்டைப் பையில் ஒரு நூறு டாலர் நோட்டு இருந்தது. என் மனைவி கோமதி வாங்கி வைத்தது. அதைப் பாலியில் செலவழித்துவிட்டு வர வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அறுபத்திரண்டு வயதில் நான் முதல் தடவையாகக் கடல் தாண்ட ஒப்புக்கொண்டேன்.

கொரோனாவுக்கு முன்பே நாங்கள் மூவரும் போவதாக இருந்தது. பாஸ்போர்ட் எடுத்து, டிக்கெட்டும் போட்டாயிற்று. பழைய பேப்பர், பால் கவர், எங்கள் பாத்திரக் கடையில் நசுங்கிப்போன எவர்சில்வர் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுச் சேர்த்த பணத்தில் கோமதி தானே தி.நகருக்குப் போய் இந்த நோட்டை வாங்கி வந்தாள்.

"ஏங்க, அங்க ஒரு நாள் சாப்பாடு என் செலவு. நீங்க பைக்குள்ள கைய விடக் கூடாது" என்றாள்.

அப்புறம் ஊரடங்கு வந்தது, டிக்கெட் ரத்தானது. அடுத்த இரண்டு வருடத்துக்குள் கோமதியும் போய்விட்டாள். நோட்டு மட்டும் சாமி அலமாரியில் இருந்தது.

பாண்டி பஜாரில் இறங்கும்போது ஆட்டோக்காரர், "இன்னா சார், பாரினா?" என்று கேட்டார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன். "பாக்கெட்ட புட்ச்சிக்கினே வரீங்களே" என்றார்.

மணி சேஞ்சர் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட், டிக்கெட், பான் கார்டு நகல்களை வாங்கி வைத்துக்கொண்டு, டாலருக்கு எண்பத்தெட்டு ரூபாய் எண்பது காசு என்று கணக்குப் போட்டு அறுநூறு டாலர் கொடுத்தாள். நான் பையிலிருந்து கோமதியின் நோட்டை எடுத்து நீட்டினேன்.

"இதை மாத்த வேண்டாம்மா. அங்க செல்லுமான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்ல நோட்டுதான் சார். ஆனா கறை இருக்கே. அந்தப் பக்கமெல்லாம் பேனாக் கோடு இருந்தாலே எடுக்க மாட்டாங்க. மஞ்சள் வெச்சீங்களா?"

நான் வைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் கோமதி மஞ்சள் குங்குமம் வைத்தாக வேண்டும். ஃப்ரிட்ஜ், ஸ்கூட்டர், காசோலைப் புத்தகம் எதுவும் அவள் மோதிர விரலுக்குத் தப்பியதில்லை. உமாவுக்குத் தரமணி ஆபீஸில் கொடுத்த லேப்டாப்பின் நெற்றியிலும் ஒரு பொட்டு. அமெரிக்க டாலர் என்றால் மட்டும் விட்டுவிடுவாளா? நோட்டின் வலது ஓரத்தில் பட்டாணி அளவுக்கு மஞ்சள், அதன் நடுவே சிவப்பு. உற்றுப் பார்த்தால் விரல் ரேகைகூடத் தெரியும்.

இவ்வளவு கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவன் வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? புது டாலர்களைச் சாமி முன் வைத்து, மஞ்சளைக் குழைத்து, விரலைக் கிட்டே கொண்டுபோய்விட்டேன். பழக்க தோஷம். கடைசி நொடியில் சுதாரித்து, பொட்டைக் கவரின் மேல் வைத்தேன்.

ஞாயிறு காலை பதினொன்றே காலுக்கு விமானம். கோலாலம்பூர் வரை நான்கு மணி நேரம், அங்கே இரண்டரை மணி நேரக் காத்திருப்பு, பிறகு பாலிக்கு மூன்று மணி நேரம். ஜன்னலோர இருக்கை கோமதிக்கென்று அன்று பேசி வைத்திருந்தது. அதில் உமா உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. கடைசியில், ஆள் வராமல் காலியாகக் கிடந்த அதில் உமாவின் கைப்பை உட்கார்ந்தது. இறங்கியதும் விசாவுக்குத் தலைக்கு ஐந்து லட்சம் ரூபியா. லட்சம் என்றதும் அவசரமாகக் கணக்குப் போட்டேன். நம் கணக்கில் இரண்டாயிரத்து எழுநூறு சொச்சம்தான். உமா கார்டில் கட்டினாள்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு உபூது ஊரில் நடக்கக் கிளம்பினோம். விமான நிலையத்திலிருந்து முப்பத்தேழு கிலோமீட்டர். ஒவ்வொரு கடை வாசலிலும் ஓலைத் தட்டில் பூவும் சோறும் ஊதுவத்தியும் வைத்திருந்தார்கள். மிதிக்காமல் நடப்பதே ஒரு வேலை. மார்கழியில் மாட வீதிக் கோலங்களைச் சுற்றிச் சுற்றி நடந்து பழகிய கால் என்பதால் எனக்குச் சிரமமில்லை. கோமதி இருந்திருந்தால் ஒவ்வொரு வாசலிலும் நின்று, யார் வீட்டுத் தட்டு அழகு என்று மார்க் போட்டிருப்பாள். அவள் இல்லாமல் அந்தத் தெரு எனக்குப் பாதிதான் தெரிந்தது.

முதல் மணி சேஞ்சர் நோட்டைத் தொடக்கூட இல்லை. பொட்டைக் காட்டித் தலையாட்டினார். இரண்டாமவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, 'சாரி சார்' என்றார். மூன்றாவது கடையில் சுத்தமான நோட்டாகக் கேட்டார்கள். அது என்னிடம் ஆறு இருந்தது. அது எனக்கு எதற்கு?

அறைக்குத் திரும்பியதும் உமா பஞ்சையும் சானிடைசரையும் எடுத்து வந்தாள்.

"ஓரமா லேசா தொடச்சுப் பாக்கறேன்ப்பா."

"அதை வை கீழே" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

உமா பஞ்சைக் கீழே வைத்தாள். பிறகு, "இதைச் செலவு பண்ணணுமா, வெச்சுக்கணுமா? அதை முதல்ல முடிவு பண்ணுங்கப்பா. ரெண்டும் நடக்காது" என்றாள்.

அவள் சொன்னது சரி. செலவழித்தால் கோமதியின் ஆசை நிறைவேறும், அவள் விரல் போய்விடும். வைத்துக்கொண்டால் விரல் இருக்கும், அவள் வாங்கித் தருவதாகச் சொன்ன சாப்பாடு கடைசி வரை வராது. இவ்வளவு நாளாக அலமாரியைத் திறந்து திறந்து மூடியதெல்லாம் இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

செவ்வாய் காலை பத்து மணிக்கு, சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. கல்லாவில் ஒரு நடுத்தர வயது அம்மாள். மேஜை மேல் பூத்தட்டு, நெற்றியில் ஈர அரிசி மணிகளை ஒட்டியிருந்தார். கோவிலுக்குப் போய்வந்தால் அங்கே அப்படித்தான். நோட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"பூஜையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அம்மா வெச்சது. இப்ப அவங்க இல்ல" என்று உமா சொன்னாள்.

அந்த அம்மாள் நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவர் கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினார். டாலருக்குப் பதினைந்தாயிரம். வெளியே பலகையில் பதினாறாயிரத்து ஐந்நூறு என்று எழுதியிருந்தது.

கலங்கிய கண் அப்படியே காய்ந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் தி.நகரில் பாத்திரம் விற்றவனிடமா? நான் பதினாறாயிரம் தட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே பதினைந்தாயிரத்து இருநூறு தட்டினார். பதினைந்தாயிரத்து ஐந்நூறில் முடிந்தது. இந்தப் பேரம் கோமதிக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

நோட்டு கல்லாவுக்குள் போவதற்கு முன், "ஒரு நிமிஷம்" என்று கை நீட்டினேன். அவர் திருப்பிக் கொடுத்தார். பொட்டின் மேல் என் மோதிர விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் பெரிது, சுற்றிலும் மஞ்சள் தெரியாமல் மூடிக்கொண்டது. கொடுத்துவிட்டேன்.

கையில் பதினைந்தரை லட்சம் ரூபியா. மதியம் வயல் பார்த்த ஒரு ஓட்டலில் சோறு, காய்கறிப் பொரியல், வறுத்த வேர்க்கடலை, வாழையிலையில் கட்டிய சோயா எல்லாம் சேர்த்து இருவருக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். பில் வந்ததும் என் கை பழக்கத்தில் என் பர்ஸுக்குப் போனது. உமா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். கோமதி ஒரு நாள் சாப்பாடுதான் சொன்னாள். நான்கு நாள் போட்டாள். சனிக்கிழமை விமான நிலையத்தில் இரண்டு காப்பி குடித்ததோடு அவள் பணம் தீர்ந்தது.

அன்று மாலை ஏழு மணிக்குச் சென்னையில் இறங்கினோம். குடியேற்றக் கவுண்டரில் ஓர் இளம் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். போகும்போது இருந்தவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பவில்லை போலிருக்கிறது. இவர் திருப்பினார், நின்றார்.

"என்ன சார் இது, மஞ்சளா?"

எட்டிப் பார்த்தேன். கணவன் அல்லது மனைவி பெயர் என்ற இடத்தில் கோமதி என்று அச்சடித்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பட்டாணி அளவுக்கு மஞ்சள், நடுவில் சிவப்பு. தபாலில் வந்த அன்றே வைத்திருப்பாள். இத்தனை வருடமாக இந்தப் பக்கத்தை நான் திறந்து பார்த்ததில்லை.

"வீட்டுல வெச்சாங்க சார்" என்றேன்.

"பாஸ்போர்ட்டுல இதெல்லாம் வைக்கக் கூடாது சார். வீட்டுல சொல்லி வைங்க" என்று முத்திரையைக் குத்தினார்.

"சொல்றேன் சார்" என்றேன்.